உடல் இளைக்கப் பொடியா, உணவா?

(வாசகசாலைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாய் இருக்கலாம். சாதியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் தொப்பையைப் பற்றிப் பேசுவதற்கு என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். நாம் சொல்லும் பதில் இதுதான். எங்கே யோசியாமல் நம்புகிற ஆள் இருக்கிறானோ, அங்கே அவன் மடியை அவிழ்க்கிற ஆளும் வந்து சேருவான். நேற்றுவரை தாயத்தும் மந்திரித்த கயிறும் விற்ற இடத்தில் இன்று டப்பாவும் பொடியும் விற்கப்படுகின்றன. கயிறு கட்டினால் காசோடு போயிற்று. வயிற்றுக்குள் போகிற சரக்கோ உடம்பையும் தொடுகிறது. ஆகையால் இதைப் பேசாமல் விடுவது யோக்கியமல்ல என்று கருதியே பேச வந்தோம்.

இது பணக்காரர் வீட்டுக் கவலை என்றும் எண்ணிவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நாடு முழுதும் மக்களை அளந்தும் இரத்தம் எடுத்தும் சோதித்து 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்நாட்டில் நீரிழிவுக்காரர் சுமார் 10 கோடிப் பேர். அதற்கு முந்திய படியில் நிற்பவர் 13 கோடிக்கு மேல். வயோதிகர் அல்லாதாரையும் சேர்த்து வயது வந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்கள். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பது நம்மவருக்கு வழக்கமான தோற்றமாகிவிட்டது. இதைச் “செல்வச் செழிப்பு” என்று நம் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செழிப்பு அல்ல தோழர்களே, அது கடன் ஏறிக்கொண்டிருப்பதற்கு அடையாளம்.

உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று அறிய எந்த வைத்தியரிடமும் போகவேண்டியதில்லை. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு எடுத்து அதைச் சரிபாதியாக மடியுங்கள். அந்தப் பாதிக் கயிறு உங்கள் இடுப்பைச் சுற்றி வந்து முட்டினால் நல்லது. முட்டாவிட்டால் எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டுகிற வழக்கம் நம்மிடம் வெகுநாளாக இருந்தும், பிரயோஜனமுள்ள கயிறு இதுதான் என்று நாம் சொல்லுவோம்.

நிற்க. உடம்பை இளைக்கவைக்க இப்பொழுது இரண்டு வழிகள் ஊர்தோறும் போட்டிபோடுகின்றன. ஒன்று, வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகப் பொடியைப் பாலிலோ தண்ணீரிலோ கலக்கிக் குடிப்பது. மற்றொன்று, சோறு, இட்லி, தோசை, சர்க்கரை முதலிய மாச்சத்துப் பண்டங்களைக் குறைத்து, காய், கீரை, முட்டை, மீன், இறைச்சி, பருப்பு முதலியவற்றை அதிகமாக்கி உண்பது. இதன் கடுமையான ஒரு வகைதான் சுமார் பத்து வருஷமாகத் தமிழ்நாட்டில் “பேலியோ” என்ற பேரால் பரவியிருப்பது. இரண்டு பக்கத்தாரும் தங்கள் வழியே வழி என்கிறார்கள். இரண்டையும் தட்டிப் பார்ப்பதுதான் நம்முடைய வேலை.

முதலில் பொடியை எடுத்துக்கொள்ளுவோம். இதில் நாம் கேள்விப்பட்டதை மட்டும் பேசவில்லை, ஏமாந்ததையும் பேசுகிறோம். ஊருக்கெல்லாம் பகுத்தறிவு சொல்லுகிற நாமும் ஏமாந்தோமா என்றால், ஆம், ஏமாந்தோம். சில வருஷங்களுக்கு முன் நம்முடைய எடை 84 கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நமக்கு மைத்துனர் முறையாகும் ஒருவர் ஒருநாள் விடியற்காலையில் நம்மை ஒரு மாடி அறைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுதும் படங்கள்: இந்தப் பக்கம் பருத்த மனிதர், அந்தப் பக்கம் அதே மனிதர் இளைத்து. முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு குவளை குடித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, “எனக்கு இத்தனை கிலோ குறைந்தது” என்றார்கள். ஒவ்வொருவருக்கும் கைதட்டல். பஜனை மடத்துக்கும் அதற்கும் நமக்கு வித்தியாசம் தோன்றியிருக்கவேண்டும், அன்று தோன்றவில்லை.

மாதத்துக்கு இரண்டு டப்பா, அதோடு ஒரு தேயிலைப் பொடி, அதோடு ஒரு மாத்திரைப் புட்டி. நம்முடைய வருமானத்தில் மூன்றிலொரு பங்கு அதற்கே போயிற்று. பத்து வாரத்தில் 7 கிலோ குறைந்தது என்பதும் உண்மைதான். இதை மறைப்பது நம் வேலையல்ல. பிறகு கையில் காசில்லை. டப்பாவை நிறுத்தினோம். எட்டு மாதத்தில் அந்த 7 கிலோவும் திரும்பி, துணைக்கு இன்னொரு கிலோவையும் அழைத்துக்கொண்டு வந்தது. விற்றவரிடம் கேட்டோம். “நீங்கள் விட்டுவிட்டீர்கள், தப்பு உங்களுடையது” என்றார். மறுபடி வாங்கச் சொன்னார். அதுமாத்திரமல்ல, “நீங்களே நாலு பேருக்கு விற்றால் உங்கள் டப்பா இலவசமாகவே கிடைக்கும்” என்றும் சொன்னார்.

தோழர்களே! இந்தப் பேச்சை இதற்குமுன் எங்கே கேட்டிருக்கிறீர்கள்? நோய் தீர்ந்தால் சாமி தீர்த்தது; தீராவிட்டால் நீ நேர்த்திக்கடனைச் சரியாய்ச் செலுத்தவில்லை. இளைத்தால் பொடியின் மகிமை. திரும்பப் பருத்தால் உன் பாவம். எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத ஒரு சரக்கை விற்கிறவனுக்குச் சோதனை என்பதே கிடையாது. சோதனைக்கு நிற்காததை நாம் ஏன் நம்பவேண்டும்?

சரி, அப்படியானால் பொடி குடித்தபோது எடை குறைந்தது எப்படி? இதில் மாயம் ஒன்றுமில்லை. காலையில் நாம் தின்றுவந்தது மூன்று தோசையும் தேங்காய்ச் சட்டினியும். ஏறத்தாழ 500 கலோரி. குவளையில் இருந்தது 200 கலோரி. இரவிலும் அப்படியே. நாள் ஒன்றுக்கு 600 கலோரி உடம்புக்குள் போவது குறைந்தது. உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தது. டப்பாவுக்குள் இருந்த சரக்கைவிட, தட்டில் இல்லாமல்போன சரக்கே அந்த வேலையைச் செய்தது என்பதுதான் உண்மை. இல்லாத தோசைக்கு மாதம் ஆயிரக்கணக்கில் பணம் கட்டினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாபாரம் நம் ஊரில் முளைத்ததல்ல. அமெரிக்காவில் 1959-ல் “மெட்ரிகால்” என்ற பொடி வந்தது. ஒரு நாளைக்கு 900 கலோரி, அதற்குமேல் வேறொன்றும் வேண்டாம் என்றார்கள். சில வருஷம் அமோகமாக விற்று, பிறகு மங்கிப்போயிற்று. 1976, 77-ல் அதே நாட்டில் “திரவப் புரதம்” என்று ஒன்று கிளம்பியது. மாட்டின் தோலையும் எலும்பையும் கரைத்து எடுத்த சரக்கு. உடம்புக்கு அவசியமான புரதக்கூறுகள் சரிவர இல்லாதது. அதையே குடித்து உயிர்வாழ முயன்றவர்களில் பல பேர் இருதயத் துடிப்புக் கெட்டு மாண்டுபோனார்கள். அதற்குப் பிறகே அந்நாட்டு அரசாங்கம் விழித்துக்கொண்டு எச்சரிக்கை விட்டது. 1988-ல் ஓப்ரா வின்ஃப்ரி என்ற பிரசித்திபெற்ற அம்மையார், நான்கு மாதம் திரவ ஆகாரத்திலேயே இருந்து தாம் இழந்த 67 பவுண்டுக்குச் சமமான கொழுப்பை ஒரு வண்டியில் வைத்துத் தொலைக்காட்சி மேடையில் இழுத்துவந்து காட்டினார். அந்த எடை திரும்பி வந்துவிட்டதைப் பின்னால் அவரே சொன்னார். பணமும் சமையற்காரரும் இருந்தவர் கதையே இப்படியென்றால், நாள் கூலிக்காரன் கதை எப்படி இருக்கும்?

இவ்வளவு சொன்னதால் பொடி என்பதே முழுப்புரட்டு என்று நாம் முடிவு கட்டிவிடலாமா? கூடாது. எதிரி பக்கத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ளாதவன் பகுத்தறிவுவாதி அல்ல. பிரிட்டனில் ஸ்காட்லாந்திலும் டைன் நதிப் பக்கத்திலும் உள்ள டாக்டர்கள் நீரிழிவுக்காரர் சுமார் 300 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்றப் பிரிவுக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம்வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட திரவ ஆகாரம் மட்டும். 2017-ல் வந்த முடிவு: ஒரு வருஷத்தில் இரண்டாம் பிரிவில் 100-க்கு 46 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை அடங்கியிருந்தது, வழக்கமான வைத்தியக்காரரில் 4 பேருக்குத்தான். இது சின்ன விஷயமல்ல. நீரிழிவு வந்தால் வந்ததுதான் என்று சொல்லிக்கொண்டிருந்த பல வைத்தியர்களின் வாயை அடக்கிய சேதி அது.

ஆனால் அங்கே நடந்ததை முழுதும் கவனியுங்கள். அந்தப் பொடியை மைத்துனர் விற்கவில்லை. டாக்டரும் நர்சும் பயிற்சிபெற்ற ஆகார நிபுணரும் கூடவே இருந்தார்கள். முதல்நாளே எந்த மாத்திரையை நிறுத்துவது என்று டாக்டர் தீர்மானித்தார். பொடி முடிந்தபிறகு சில வாரங்களில் படிப்படியாகச் சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து, எப்படி உண்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியிருந்தும் இரண்டு வருஷத்தில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. போன எடையில் ஒரு பங்கு திரும்பிற்று. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பொடி என்பது எலும்பு முறிந்தவனுக்குப் போடும் கட்டு மாதிரி. தெரிந்தவர் போடவேண்டும், தெரிந்தவர் அவிழ்க்கவேண்டும், அவிழ்த்தபிறகு சொந்தக் காலில் நடக்கப் பழகவேண்டும். நம் ஊரில் என்ன நடக்கிறதென்றால், கட்டை மாத்திரம் விற்றுவிட்டு, ஆயுள் முழுதும் கட்டோடேயே நட என்கிறார்கள்.

பொடியிலுள்ள பெரிய குறை இதுதான்: அது நமக்கு ஒன்றும் கற்றுக்கொடுப்பதில்லை. ஆறு மாதம் குவளையைக் குடித்தவனுக்குக் கலியாண வீட்டு இலைமுன் உட்கார்ந்தால் எதைத் தள்ளுவது, எதைக் கொள்ளுவது என்று தெரியாது. டப்பா தீர்ந்த அன்று பழைய தட்டே அவன் முன் நிற்கிறது.

அடுத்தபடியாக, மாச்சத்தைக் குறைக்கும் வழியைப் பார்ப்போம். இதுவும் புதியதல்ல. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர் இருந்தார். பிணப்பெட்டி செய்து இறுதிச்சடங்கு நடத்திவைக்கும் தொழில் அவருக்கு. 66 வயதில் 202 பவுண்டு எடை. குனிந்து செருப்பின் வாரைக் கட்ட முடியாது. எத்தனையோ வைத்தியம் பார்த்தும் பலனில்லை. கடைசியில் காது கேட்கவில்லையென்று வில்லியம் ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். அவர், “ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை விடும், இறைச்சியும் மீனும் காயும் தின்னும்” என்றார். சுமார் ஒரு வருஷத்தில் 46 பவுண்டு குறைந்தது. 1863-ல் பாண்டிங் தம் செலவில் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு இலவசமாய்க் கொடுத்தார். சுவீடன் தேசத்தில் உடல் இளைக்கப் பத்தியமிருப்பதற்கு இன்றும் அவர் பேரையே வினைச்சொல்லாக வழங்குகிறார்கள். தாம் கண்டதை விற்காமல் கொடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி வேலை செய்வதற்கும் காரணம் இருக்கிறது. முட்டையும் மீனும் பருப்பும் காயும் வயிற்றில் நின்று பசியை அடக்குகின்றன. சர்க்கரைத் தேநீரும் பிஸ்கோத்தும் அப்படி அடக்குவதில்லை. இரண்டு மணிக்கொருதரம் மறுபடி கேட்கும். பசி அடங்கினால் கணக்குப் பார்க்காமலே உணவு குறைகிறது. நீரிழிவுக்காரருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படுகிறது. இவ்வளவும் நியாயம்.

ஆனால் இங்கும் புரட்டு நுழையாமலில்லை. முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்தது என்று குதிக்கிறார்கள். உடம்பு தன் கல்லீரலிலும் தசையிலும் சுமார் அரைக் கிலோ மாச்சத்தைச் சேமித்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்புக் கரைந்து தண்ணீரும் போய்விடுகிறது. தராசு இறங்குவது தண்ணீரால், கொழுப்பினால் அல்ல. ஒரு வேளை விருந்து சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் திரும்பவும் வந்துவிடும். ஆகையால் முதல் வாரத்துத் தராசைக் கண்டு மகிழவும் வேண்டாம், விருந்துக்கு மறுநாள் தராசைக் கண்டு அழவும் வேண்டாம்.

அன்றியும், கொழுப்பைக் குறைத்து உண்பதைவிட மாச்சத்தைக் குறைத்து உண்பதுதான் உயர்ந்தது என்று சத்தியம் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியாருக்கு மாச்சத்தையும் மறு பாதியாருக்குக் கொழுப்பையும் குறைத்து ஒரு வருஷம் நடத்திப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. மாச்சத்தைக் குறைத்தவர் சராசரி 6 கிலோ இழந்தார்கள்; கொழுப்பைக் குறைத்தவர் 5.3 கிலோ. அந்த வித்தியாசம் ஒரு வித்தியாசமே அல்ல என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவாகச் சொன்ன உபதேசம் என்ன தெரியுமா? சர்க்கரையையும் மைதாவையும் விடுங்கள், காய்கறியை நிறைய உண்ணுங்கள், முடிந்தவரை வீட்டிலேயே சமையுங்கள் என்பதுதான். ஒவ்வொரு பிரிவிலும் சிலர் 20 கிலோவுக்கு மேல் இழந்தார்கள். சிலருக்கு எடை ஏறவும் ஏறியது. எந்த வழி பெரிது என்ற சண்டையைவிட, எந்த வழியில் ஒருவன் ஒரு வருஷம் நிற்கிறான் என்பதே பெரிது என்று இதிலிருந்து விளங்கவில்லையா?

நம் ஊர்க்காரர் சிலர் பேலியோவையும் ஒரு மதமாக்கிவிட்டார்கள். குருவுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பாஷை. கேள்வி கேட்டால் வெளியே தள்ளுவது. நெய்யும் வெண்ணெயும் எவ்வளவு தின்றாலும் குற்றமில்லை என்பது. ஒரு கிராம் மாவில் 4 கலோரி. ஒரு கிராம் நெய்யில் 9. குரு சொன்னதற்காக இந்தக் கணக்கு மாறிவிடுமா? இரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறியவரிடம், “பயப்படாதே, அது நல்லதுக்குத்தான்” என்று கைப்பேசியில் சொல்லுகிறவர்களையும் காண்கிறோம். இவர்களுக்கும் திருநீறு கொடுத்து ஜுரம் தீர்ப்பவருக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அரிசியை விட்டுவிட்டோம், கேழ்வரகும் கோதுமையும்தான் என்று சொல்லிக்கொண்டு இரவில் ஆறு சப்பாத்தியும் காலையில் இரண்டு கேழ்வரகுக் களியும் தின்கிறது. அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 78 கிராம் மாச்சத்து. கேழ்வரகிலும் கோதுமையிலும் சுமார் 70. கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம்; அதற்காக அது நல்லது. ஆனால் அளவு குறையாமல் ஆளை மட்டும் மாற்றினால் என்ன லாபம்? நாம் முன்பு சொன்ன அதே ஆராய்ச்சிக் கழகத்தார் ஜனங்களின் சாப்பாட்டை ஆராய்ந்து 2025-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நாட்டு மக்கள் உண்ணும் கலோரியில் 100-க்கு 62 பங்கு மாச்சத்திலிருந்து வருகிறது. புரதமோ 12 பங்குதான். தீட்டிய தானியத்துக்குப் பதில் கேழ்வரகு, கம்பு, முழுக்கோதுமை என்று மாற்றுவதால் மட்டும், மொத்த அளவு குறையாவிட்டால், நீரிழிவின் அபாயம் குறைவதாகக் காணவில்லை. மாச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பாலோ பாலாலோ வரும் புரதத்தை வைத்தவர்களிடம் அபாயம் குறைவாய்க் காணப்பட்டது. அதாவது குறைக்க வேண்டியதைக் குறைத்து, சேர்க்க வேண்டியதைச் சேர்க்கவேண்டும்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆண்களுக்கு அதைவிடக் கடுமையாய்ச் சொல்லவேண்டும். வீட்டில் குழம்பிலுள்ள மீன் துண்டு யாருக்குப் போகிறது? வீட்டுக்காரருக்கும் பையனுக்கும். கடைசியில் சட்டியைக் கவிழ்த்து, மீந்துபோன சோற்றில் மீந்துபோன குழம்பை ஊற்றித் தின்கிறவர் யார்? அந்த அம்மாள்தான். புரதம் ஆணுக்கு, மாச்சத்துப் பெண்ணுக்கு என்று யார் சாசனம் எழுதினார்கள்? போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை விரதம், அமாவாசை விரதம் என்று பகலெல்லாம் பட்டினி. இரவில் பசி தாங்காமல் இரட்டிப்புச் சோறு. பிறகு அதே அம்மாள் பருத்துவிட்டால், “வீட்டிலேயே இருந்து தின்று கொழுத்துவிட்டாள்” என்கிறார்கள். இது மானமுள்ள பேச்சா? தோழர்களே, உங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பொடி டப்பா வாங்கிக் கொடுக்குமுன், உங்கள் தட்டிலிருக்கும் முட்டையில் ஒன்றை அவர்கள் தட்டில் வையுங்கள். எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சரிபங்காய் உண்ணுங்கள். அது செலவில்லாத வைத்தியம்.

முட்டை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதைத் தின்பவன் தாழ்ந்தவன், தொடாதவன் உயர்ந்தவன் என்று சொல்லிக்கொடுத்த புத்தி இன்னும் போகவில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 70 கலோரி. மாச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். பிள்ளைக்கு ஆகிறது, பெற்றவளுக்கு ஆகாதா? வேண்டாமென்று சொந்த மனதார விட்டவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, தயிர், நிலக்கடலை இருக்கின்றன. விடுவதில் குற்றமில்லை, விட்டதை உயர்வென்று பேசுவதுதான் குற்றம்.

அரிசி நியாயவிலைக் கடையில் காசில்லாமல் கிடைக்கிறது, மீனுக்கும் முட்டைக்கும் எங்கே போவது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஏழை சோற்றால் வயிற்றை நிரப்புவது அவன் ஆசையால் அல்ல, அதுதான் மலிவாயிருப்பதால். ஆனால் பொடிக்கு மாதம் நாலாயிரம் ஐயாயிரம் கொடுக்கிறவர்களும் நம் தெருவில்தானே இருக்கிறார்கள்? அந்தப் பணத்துக்கு ஒரு குடும்பம் முழுதும் நாள்தோறும் முட்டையும் வாரம் மூன்று நாள் மத்தி மீனும் தின்னலாம். அவ்வளவு காசும் இல்லாதவர்களுக்கு முருங்கைக்கீரை வேலியில் இருக்கிறது, கொள்ளு கடையில் இருக்கிறது.

இனி, செய்யவேண்டியது என்ன என்று சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். தட்டை மனதால் நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு காயும் கீரையும்: வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை, பீர்க்கு, எதுவாயினும் சரி; உருளையும் மரவள்ளியும் காய்க் கணக்கில் சேராது. ஒரு பங்கு முட்டையோ மீனோ கோழியோ பயறோ. மீதி ஒரு பங்குதான் சோறு. முதலில் காயையும் மீனையும் தின்றுவிட்டுக் கடைசியில் அதைத் தொடுங்கள். தேநீரில் சர்க்கரையை நிறுத்துங்கள். பலகாரக்கடைப் பண்டம், மைதாப் பரோட்டா, புட்டியில் அடைத்த இனிப்புத் தண்ணீர் இவற்றை விடுங்கள். எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் அளவு வையுங்கள். நாள்தோறும் நடங்கள். மாதம் இரண்டு கிலோ குறைந்தால் அதுவே வெகு நல்ல வேகம். போன எடை, பழக்கம் மாறியிருந்தால் திரும்பாமலும் இருக்கும்.

நாம் இரண்டாவது முறை இப்படித்தான் செய்தோம். டப்பா இல்லை, குரு இல்லை. ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. 9 கிலோ குறைந்து அப்படியே நிற்கிறது. ஆனால் இதை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாடி அறையில் எழுந்து நின்று சொன்னவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். நம் வார்த்தையை நம்பாமல், உங்கள் கயிற்றாலும் உங்கள் தராசாலும் உங்கள் இரத்தப் பரிசோதனையாலும் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் யாரும் மறக்கக்கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேளாமல் சோற்றைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கமாகி ஆபத்தாகலாம். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளைத் தின்றுகொண்டு மாச்சத்தை அறவே விட்டால் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே அபாயம் வரலாம். இரத்தக்கொதிப்பு மாத்திரைக்காரரும் சிறுநீரக வியாதியுள்ளவரும் அப்படியே முதலில் கேட்கவேண்டும். கர்ப்பிணிகளும் பால்கொடுக்கும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் பொடிக்கும் போகவேண்டாம், கடும் பேலியோவுக்கும் போகவேண்டாம்.

ஆகவே, தோழர்களே! பொடியா உணவா என்றால் நம் பதில் இது. அதிக எடையாலும் நீரிழிவாலும் அவதிப்படுகிறவருக்கு, டாக்டர் பார்த்துக் கொடுத்து, டாக்டர் பார்த்து நிறுத்துவதாயிருந்தால், சில மாதத்துக்குப் பொடி ஒரு கருவி. மற்ற எல்லோருக்கும், அந்தக் கருவியை வைத்தவருக்கும்கூட, கடைசியில் போய்ச்சேரவேண்டிய இடம் வீட்டு அடுப்புத்தான். சாகும்வரை உங்களால் உண்ணமுடியாத ஒரு முறையால் வந்த இளைப்புச் சாகும்வரை நில்லாது.

நாளைக்கு யாராவது டப்பாவோடு வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். இதில் என்ன இருக்கிறது? இதை நிறுத்தினால் எனக்கு என்ன ஆகும்? இதை விற்றால் உனக்கு என்ன கிடைக்கும்? இதைக் குடித்து இரண்டு வருஷம் ஆனவர்களில் எத்தனை பேருக்கு எடை திரும்பவில்லை? குழுவோடும் குருவோடும் வருகிறவரிடமும் இதையே கேளுங்கள். யோக்கியமான சரக்காயிருந்தால் பதில் சொல்லட்டும். பதிலில்லாவிட்டால் டப்பாவும் தாயத்தும் ஒன்றே என்று தெரிந்துகொண்டு கதவைச் சாத்துங்கள்.

நாம் சொன்னதையும் சொன்னதற்காகவே ஏற்காமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மட்டும் கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.